கருகியது வலது சக்கரம் மட்டும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், இந்த வருடம் முதல் முறையாகச் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இப்போதைய வண்டிகளைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறு என்னவென்று அதுவே எழுதிக் காட்டிவிடுகிறது. அதனால் எதை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. நான் செய்த தப்புகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீதித் தப்புகளை என் பழைய கஸ்டமர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

சத்தம் என்று வருகிற வண்டிதான் மெக்கானிக்கின் மானத்தை வாங்கும். வண்டி ஓடவில்லை என்றால் ஓட வைத்துவிடலாம். சத்தம் அப்படி இல்லை. கஸ்டமர் அதை வாயால் செய்து காட்டுவார். ஒருவர் ‘கர்ர்’ என்பார், ஒருவர் ‘நொய்ங்’ என்பார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பட்டறை நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பூனை கத்துவது போலக் கத்திக் காட்டினார். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தோம். அவ்வளவு செய்து காட்டிய பிறகு நாம் வண்டியை எடுத்து ஓட்டினால் அது பேசாமல் ஓடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி. உடனே நமக்கு என்ன தோன்றும்? வண்டி நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவருக்குத்தான் கோளாறு என்று தோன்றும். எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமாகவே தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் ஹேண்ட் பிரேக்கை யாரும் போடுவதில்லை. தரை சமம். அழகர்கோவிலுக்கு மேலே மலை ஏறினால்தான் சரிவு என்ற ஒன்றையே பார்க்கலாம். மற்றபடி வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவோம். சந்தேகம் இருந்தால் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுப்போம். ஓனர்கள் அப்படி, டிரைவர்கள் அப்படி, மெக்கானிக்குகள் நாம் அவர்களையும்விட அப்படி. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பழக்கம் ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது. ஒரு நாள் பகலில் கணவனும் மனைவியுமாக ஒரு சின்னக் காரைக் கொண்டு வந்தார்கள். பதினான்கு வருடத்துப் பழைய வண்டி. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வண்டிதான். அதன் முதல் ஓனர் ரிட்டையரான ஒரு ஆபீசர். சனிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தால் மறு சனிக்கிழமை வரை ஷெட்டில் கியரில் போட்டபடி நிற்கும். அவரிடம் இருந்து இவர்கள் வாங்கியிருந்தார்கள்.

ஓட்டி வந்தது மனைவி. பெயர் பாண்டிச்செல்வி. பிசியோதெரபி படித்தவர். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் வீடுகளுக்கே போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. கீழக்குயில்குடி பக்கத்தில் வீடு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கார் அதுதான். கணவர் முருகேசன் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பின்னால் இருந்து தேய்க்கிற மாதிரி சத்தம் வருகிறது, கருகல் வாடையும் வருகிறது என்றார்கள். வலது பின்சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கழற்றிப் பார்த்தேன். சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் ஷூ கருகி, அது உரசுகிற டிரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. நம் தொழிலில் இதைப் பார்த்தால் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். நானும் சொன்னேன், பட்டறையில் இருந்த நாலைந்து பேர் காதில் விழுகிற மாதிரி.

“ஹேண்ட் பிரேக்க எடுக்காம ஓட்டிருக்கீங்கம்மா.”

“இல்லண்ணே. நான் எடுத்துட்டுத்தான் ஓட்டுவேன். மீட்டர்ல ஹேண்ட் பிரேக் லைட்டும் எரியல.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க. லைட்டு எரிஞ்சிருக்கும். நீங்க பாட்டக் கேட்டுக்கிட்டே கவனிச்சிருக்க மாட்டீங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. முருகேசன் சிரிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இம்புட்டு சூடாகுதேண்ணே, தீப்பிடிக்குமா?”

“பிடிச்சாலும் பிடிக்கும்” என்றேன். பெரிய மேதாவி.

இடது பக்கத்தையும் கழற்றினேன். அது சுத்தமாக இருந்தது. இங்கே கொஞ்சம் கவனியுங்கள் தம்பிகளா. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஓட்டினால் இரண்டு பின்சக்கரமும்தானே கருக வேண்டும்? ஒன்று மட்டும் ஏன் கருகியது? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. வலது பக்கம் கொஞ்சம் டைட்டாக இருந்திருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வாயை விட்டாயிற்று, இரண்டு பேர் சிரித்தாயிற்று, அதற்குப் பிறகு வருகிற சாட்சியை எவன் உள்ளே விடுவான்?

புது ஷூ போட்டேன். திருமங்கலம் வரை டிரையல் போய் வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து செல்வி தனியாக வந்தார். பஸ்ஸில் வந்து, இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார். கையில் ஒரு நோட்டு. மறுபடியும் சத்தமா என்று கேட்டேன்.

“நாலாம் நாளே வந்துருச்சுண்ணே. வாடையும் வந்துச்சு. அவரு சாவிய வாங்கி வச்சுக்கிட்டாரு. மெக்கானிக்கே சொல்லிட்டாரு, நீ ஓட்டுனா தீப்பிடிக்கும்னு சொல்றாரு. ஞாயித்துக்கெழம வண்டியப் பாக்க புரோக்கர் வாரார்.”

“வேலைக்கு எப்படிப் போறீங்க?”

“பஸ்ஸுலயும் ஷேர் ஆட்டோவுலயும்தான். ஆறு வீடு பாத்தேன், இப்ப மூணுதான் முடியுது. ஒரு பெரியவருக்கு வலது கை விழுந்து ஒரு மாசம் ஆச்சு. உழுத கை. இப்பத்தான் விரல் லேசா அசையுது. இப்ப விட்டா அது அப்படியே நின்னு போயிரும். அவரு வீட்டுக்குப் பஸ்ஸே கெடையாது.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் வந்தால் எனக்குக் கோபம் வரும். “நான் பாத்ததத்தானம்மா சொன்னேன்” என்றேன் கொஞ்சம் சத்தமாக.

அவர் சத்தம் போடவில்லை. “மூட்டு வலிக்குதுன்னு ஒரு ஆள் வந்தா, நீ ஓவரா நடந்திருப்பன்னு சொல்லி அனுப்பிருவேனாண்ணே? எப்ப வலிக்குது, உக்காந்தா வலிக்குதா, எந்திரிச்சா வலிக்குதான்னு கேப்பேன். மூட்டுலதான் வலி இருக்கும், கோளாறு இடுப்புல இருக்கும். நீங்க என்னைய ஒண்ணுமே கேக்கலையே.”

“வண்டி வேற, ஆளு வேற.”

“சரி, நான் ஒண்ணு கேக்குறேன். டிரையல் போனீங்கள்ல, வழியில எங்கயும் நிறுத்துனீங்களா?”

“திருமங்கலத்துல டீ குடிச்சேன்.”

“நிறுத்துனப்ப ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?”

கியரில் போட்டுவிட்டு இறங்கினேன், வேறென்ன செய்திருப்பேன்? ஹேண்ட் பிரேக் சத்தத்துக்கு வந்த வண்டியை, ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவைகூட இழுக்காமல் டிரையல் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இத்தனை வருட சர்வீஸ்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். எப்போது சத்தம் வரும்? அவர் நோட்டைப் பிரித்தார். நோயாளிகளின் வலியை எழுதி வைக்கிற நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் வண்டிக்கும் எழுதி வைத்திருந்தார். காலையில் வீட்டில் இருந்து கிளம்பும்போது சத்தம் இல்லை. பெட்ரோல் பங்கில் நின்று கிளம்பினால் இல்லை. நோயாளி வீட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால் மட்டும் வருகிறது.

“வீட்டுல ராத்திரி பூரா நிக்குதே?”

“வீட்டுல ஹேண்ட் பிரேக் போட மாட்டோம்ணே. தண்ணி லாரி வந்தா வண்டியத் தள்ளி வைக்கணும். நியூட்ரல்ல விட்டுக் கல்லக் கொடுத்துருவோம். வெளிய போனா நான் போட்டுத்தான் நிறுத்துவேன். டிரைவிங் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது. மறுநாள் காலையிலேயே பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முருகேசனுக்கு அன்று பகலில் வேலை இல்லை. என்னைப் பார்த்ததும் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சொன்னதை அவர் எவ்வளவு நம்பியிருந்தார் என்பது அந்த மரியாதையில் தெரிந்தது, எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. மெக்கானிக் வந்திருக்கிறார் என்று தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், விட்டேன். இரண்டு சக்கரமும் லேசாகச் சுற்றின. மறுபடி இழுத்தேன், விட்டேன். சுற்றின. இன்னொரு தடவை. அப்பழுக்கு இல்லாமல் சுற்றின.

“பாத்தீங்களாண்ணே” என்றார் முருகேசன், குத்தலாக இல்லை, வருத்தமாக. செல்வி கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல வழி தெரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, இனிமேல் கவனமாக ஓட்டுங்கள் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் நல்லவனாக வீடு திரும்பியிருக்கலாம். உங்களுக்கும் இந்த வழி அடிக்கடி தெரியும். வேலை தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

செல்விதான் பேசினார். “ஓட்டிட்டு வந்து நிறுத்தணும்ணே. முக்கால் மணி நேரம் நிக்கணும். சும்மா நிக்கிற வண்டியில இழுத்துப் பாத்தா எப்படி?”

நியாயம்தான். முருகேசனிடம் சாவி கேட்டேன். சட்டைப் பையில் இருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நான் ஓட்டக்கூடாது தம்பி. வீட்டம்மாதான் ஓட்டணும். என் கைப்பழக்கம் வேற.”

முருகேசன் தயங்கினார். “நான் பின்னாடி உக்காந்து வாரேன். தீப்பிடிச்சா மொதல்ல நான்தான்” என்றேன். தெருவே சிரித்தது. அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. முன் சீட்டில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

செல்வி ஹேண்ட் பிரேக் லீவரை அடி வரை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சமணர் மலையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். அளவான வேகம். குழிக்கு முன்னால் பிரேக், திருப்பத்துக்கு முன்னால் ஹாரன். எங்கள் பட்டறைப் பையன்கள் எவனும் அப்படி ஓட்ட மாட்டான், நானும்தான். வீட்டு முன்னால் வந்து நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தார். இறங்கியதும் முருகேசன் கையை நீட்டினார். செல்வி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் தொழிலில் யாரும் காத்திருப்பதில்லை. கையை வைத்தோமா, கழற்றினோமா என்றுதான் இருப்போம். டீ வந்தது. கூட்டம் பாதி கலைந்தது. முருகேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

“மில்லுல பஞ்சு மூட்ட புகைஞ்சு பாத்தவன் நான். வெளிய தெரியாதுண்ணே. உள்ளுக்குள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருக்கும், திடீர்னு பத்திக்கிரும். அந்த வாடை மூக்குல ஏறுனா எனக்குத் தூக்கமே போயிருது. அவ வேலைக்குப் போகக்கூடாதுன்னு எனக்கு என்ன? படிச்ச பொண்ணுன்னு ஆசப்பட்டுத்தான் கட்டுனேன். தனியா ஒத்த ரோட்டுல போறா. ஒண்ணு ஆச்சுன்னா?”

பிடித்தாலும் பிடிக்கும் என்று நான் விளையாட்டாகச் சொன்னது எப்பேர்ப்பட்ட ஆளிடம் போய் விழுந்திருக்கிறது பாருங்கள். கஸ்டமர் முன்னால் நாம் சொல்கிற ஒரு வார்த்தை பட்டறை வாசலோடு நிற்காது, அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சொன்ன எனக்கு அது அன்று மத்தியானமே மறந்து போயிருந்தது.

நேரம் ஆனதும் செல்வியைக் கூப்பிட்டு லீவரை இறக்கச் சொன்னேன். இறக்கினார். முருகேசனையே சாவியைப் போட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னேன்.

“லைட்டு எரியுதா தம்பி?”

“எரியலண்ணே.”

ஜாக்கியைப் போட்டுத் தூக்கினேன். இடது சக்கரம் சுற்றியது. “வலது பக்கத்த நீங்களே சுத்துங்க” என்றேன். முருகேசன் ஒரு கையால் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். கிர்ர் என்று தேய்ந்து கால் சுற்று வந்து நின்றுவிட்டது. லீவரைத் திரும்பிப் பார்த்தார். அது அடியில்தான் இருந்தது. செல்வி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். வலது சக்கரத்துக்குப் போகிற கேபிளைக் கழற்றியதும் சக்கரம் விட்டுவிட்டது. அப்படியானால் கோளாறு சக்கரத்தில் இல்லை. கேபிளின் மேலுறை ஓர் இடத்தில் வெடித்திருந்தது. அதன் வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டால் வந்துவிடும். முழுக்க இழுத்து வெகுநேரம் நிற்க வைத்தால் திரும்பி வராமல் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். லைட்டுக்கு இதெல்லாம் தெரியாது. லீவர் இறங்கினால் அது அணைந்துவிடும், சக்கரத்தில் என்ன நடக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

கேபிளைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவில் மறுபடி கூட்டம் சேர்ந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பழைய வண்டி, கேபிள் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று சொன்னால் அதில் பொய் ஏதும் இல்லை. என் பெயரும் கெடாது. ஆனால் அந்தப் பெண்ணை நான் நாலு பேர் முன்னால் சொன்னேன். அதைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் திருப்பிச் சொல்ல முடியாது.

“எல்லாரும் கேட்டுக்கங்க” என்றேன். “இந்தம்மா ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டுத்தான் ஓட்டிருக்கு. நான் சொன்னது தப்பு. பழைய ஓனர் அத இழுத்ததே இல்ல, டிரையல் போன நானும் இழுக்கல. முறையா இழுத்து நிறுத்துனது இந்தம்மா மட்டுந்தான். அதனாலதான் கோளாறு இவங்க கையில வெளிய வந்துச்சு. ஒரு சக்கரம் மட்டும் கருகுனத அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.”

கூட்டத்தில் ஒரு அம்மா “அத மொதல்லயே பாத்துச் சொன்னா என்ன” என்று முனகியது காதில் விழுந்தது. சரியான கேள்விதான், வாங்கிக்கொண்டேன்.

வலது, இடது இரண்டு கேபிளையும் கழற்றி, தொங்காமல் கட்டினேன். புதுக் கேபிள் வாங்கி நாளைக்கு நானே வந்து போட்டுத் தருகிறேன், அதுவரை வண்டியைக் கியரில் நிறுத்துங்கள், கல்லும் கொடுங்கள், மற்றபடி ஓட்டுவதற்கு ஒரு பயமும் இல்லை என்றேன். சக்கரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றிப் பாருங்கள் என்று முருகேசனிடம் சொன்னேன். அவர் உண்மையிலேயே பத்துத் தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். எழுந்து நின்று போனை எடுத்து, புரோக்கரிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொன்னார்.

சாவி இன்னும் மீட்டருக்குக் கீழேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்தார். செல்வியிடம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

“நீங்களே குடுங்கண்ணே” என்றார். “உங்க பேச்சக் கேட்டுத்தான் அவகிட்ட இருந்து வாங்குனேன்.”

என் கை முழுக்க கிரீஸ். வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினேன். என் மகள் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. “மன்னிச்சுக்க தாயி” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

செல்வி சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பையையும் நோட்டையும் எடுத்து வந்தார். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, வாட்சைப் பார்த்தார்.

“மணி பதினொண்ணு ஆகப்போகுது. பெரியவரு கைய நீட்டி வச்சுக்கிட்டுக் காத்திருப்பாரு. வாரேண்ணே” என்றார்.